இணைய வகுப்பும் இல்லம் புகும் ஒழுக்கமும்

  

“செல்போன் வழியாக ஓதிக் கொடுக்கிறோம். பிள்ளை திரையில் இருக்கிறான், பாடத்தில் இல்லை. அவன் உள்ளத்தைப் பாடத்தோடு சேர்ப்பது எப்படி?”

உஸ்தாதுமார்கள் பலர் இன்று கேட்கும் கேள்வி இது. இதற்கு விடை தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயமாகிய ஸூரத்துந் நூரிலேயே அந்த விடை இருக்கிறது. ஆனால் அதை அங்கே கண்டுகொள்வதற்கு முன்னால் நான் ஒரு பெரும் தவறு செய்தேன். அதை மறைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன். இன்னொருவர் அதே தவறைச் செய்யாமல் இருக்க அது உதவட்டும்.

திரைக்கு வந்த மக்தபு

2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. பள்ளிக்கூடங்களும் பள்ளிவாசல் மக்தபுகளும் மூடப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரல் 25இல் தொடங்கிய ரமளானை நாம் வீடுகளிலேயே நோற்றோம். தராவீஹையும் வீடுகளிலேயே தொழுதோம். தமிழகத்தில் வழிபாட்டுத் தலங்கள் அனைத்தும் திறக்க 2020 செப்டம்பர் 1 ஆயிற்று. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள சிறு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்ததோ 2021 நவம்பர் 1இல்தான். ஏறத்தாழ 19 மாதங்கள் அந்தப் பிஞ்சுகள் ஆசிரியரின் முகத்தை நேரில் கண்டு படிக்கவில்லை.

அந்த நாட்களில், 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த அரசின் கல்வித் தொலைக்காட்சி வீடுகளுக்குப் பாடங்களைக் கொண்டு வந்தது. அது நல்ல பணிதான். ஆயினும் தொலைக்காட்சி பேசும், கேட்காது. பிள்ளைக்குப் புரியவில்லை என்பது அதற்குத் தெரியாது. அதனால்தான் 2021 அக்டோபர் 27இல் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, மாலை நேரங்களில் பிள்ளைகளின் வீட்டருகே தன்னார்வலர்களை உட்கார வைத்துப் பாடம் சொல்லச் செய்தது. விடுபட்டுப் போன பிள்ளைகளைப் பிடிக்க அவர்கள் இல்லத்தைத் தேடித்தான் போக வேண்டியிருந்தது. இதை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

நோய்க் காலம் போய்விட்டது. திரை வகுப்பு போகவில்லை. துபாயிலும் ரியாத்திலும் சிங்கப்பூரிலும் வசிக்கும் நம் பிள்ளைகள் இன்று தமிழகத்து ஆலிம்களிடம் செல்போன் வழியாகவே ஓதுகிறார்கள். உள்ளூரிலும் டியூஷன், பள்ளிக்கூடம் என்று ஓடும் பிள்ளைகளுக்கு இரவு அரை மணி நேரம் இப்படி ஓதிக் கொடுக்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. ஆகவே இதன் ஒழுக்கங்களை நாம் அறிந்தே ஆக வேண்டும்.

நான் செய்த தவறு

வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடுகிற இருக்கன்குடியில் நான் குடியிருக்கிறேன். சாத்தூர் வட்டாரத்தில் ஒரு பள்ளிவாசலில் ஓதிக் கொடுத்து வந்தேன். 2020 ஜூன் மாதம் 15 பிள்ளைகளைச் சேர்த்துச் செல்போனில் வகுப்பு தொடங்கினேன். பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்று உழைத்துப் பிழைக்கும் வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலோர்.

அவர்களில் 11 வயது மாணவன் ஒருவன் தினமும் வருவான், ஆனால் காமிராவைத் திறக்கவே மாட்டான். திரையில் ஒரு கறுப்புக் கட்டமும் செல்போன் கம்பெனியின் பெயரும் மட்டுமே தெரியும். அவன் விளையாடிக் கொண்டிருக்கிறான் என்று நானாகவே முடிவு கட்டிக் கொண்டேன். ஒருநாள் எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும், “முகத்தைக் காட்டி ஓது, இல்லையேல் வகுப்பை விட்டுப் போய்விடு” என்று அதட்டினேன். மூன்றாம் முறை அதட்டியதும் அவன் காமிராவைத் திறந்தான்.

ஒரே அறை உள்ள வீடு. பின்னால் அவன் தாயார் தரையில் அமர்ந்து பட்டாசுக்கான காகிதக் குழாய் சுற்றிக் கொண்டிருந்தார்கள். தலையில் முக்காடு இல்லை. திரையில் தாம் தெரிவதைக் கண்டதும் பதறித் தலைப்பை இழுத்துக் கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். நான் பார்வையைத் திருப்பினேன். ஆனால் 14 வீடுகளில் 14 பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டார்கள். இரண்டொருவர் சிரித்தார்கள். கட்டம் மீண்டும் கறுப்பாயிற்று.

மறுநாள் அவன் வரவில்லை. நான் கவனிக்கவும் இல்லை. பள்ளிவாசலில் ஒரு பிள்ளை வராவிட்டால் அவன் உட்காரும் இடம் பாயில் வெறுமையாகக் கிடந்து நம்மைக் கேள்வி கேட்கும். திரையில் அப்படியல்ல, மற்றவர்களின் கட்டங்கள் நகர்ந்து வந்து அந்த இடத்தை மூடிவிடுகின்றன! பன்னிரண்டு நாட்கள் கழித்து அவன் தகப்பனாரைக் கடைத்தெருவில் கண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

“ஹஜ்ரத், மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க. பையன் இனி ஓத மாட்டேங்குறான். அவங்க அம்மா முகங்கொடுத்துப் பேசியே ரெண்டு வாரமாச்சு” என்றார் அவர். என்மீது அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவு ஸூரத்துந் நூரை ஓதினேன். மதரஸாவில் எத்தனையோ முறை பாடம் கேட்ட வசனங்கள்தாம். அன்றைக்குத்தான் அவை என்னை நோக்கிப் பேசின.

யார் யாருடைய வீட்டிற்குள்?

தம்முடையதல்லாத வீடுகளில், அனுமதி பெற்று அவ்வீட்டாருக்கு ஸலாம் சொல்லாத வரை நுழையக் கூடாது என்றும், திரும்பிப் போங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும், அதுவே தூய்மையானது என்றும் அந்த அத்தியாயத்தின் 27, 28ஆம் வசனங்களில் அல்லாஹ் கட்டளையிடுகிறான்.

சகோதரர்களே! மக்தபுக்குப் பிள்ளை நடந்து வருகிறான். அங்கே அவன் விருந்தாளி, இடம் நம்முடையது. காமிராவைத் திற என்று நாம் சொல்லும்போது நிலைமை தலைகீழாகிறது. இப்போது நாம்தான் அவன் வீட்டிற்குள் போகிறோம். நாம் மட்டுமா? நம்மோடு வகுப்பிலுள்ள அத்தனை பேரையும் அழைத்துக் கொண்டு போகிறோம்! இதை உணராததே என் தவறு. இதை உணர்ந்துவிட்டால் பிள்ளையின் உள்ளத்தோடு சேரும் வழி தானாகத் திறக்கிறது. ஏனெனில் தன் வீட்டின் மானத்தைக் காக்கிறவரிடமே ஒரு பிள்ளை தன் மனத்தைக் கொடுப்பான். அந்த ஒழுக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பார்வையின் அமானிதம்

நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒருவர் துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்தார். அதைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள் கடிந்துரைத்து, அனுமதி கேட்கும் சட்டம் ஏற்படுத்தப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று தெளிவுபடுத்தினார்கள். ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு வீட்டு வாசலுக்குச் சென்றால் வாசலுக்கு நேரே நிற்காமல் வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நிற்பார்கள் என்று அப்துல்லாஹ் இப்னு புஸ்ர் (ரலி) வாயிலாக அபூதாவூதில் வருகிறது.

செல்போனின் காமிராவும் ஒரு துவாரமே. பிள்ளை அதைத் திறக்காவிட்டால், காரணத்தைப் பலர் முன்னிலையில் கேட்காதீர்கள். ஒற்றை அறை வீடாக இருக்கலாம். சுவர் பெயர்ந்திருக்கலாம். வீட்டில் நோயாளி படுத்திருக்கலாம். இல்லாமையைக் கண்டு மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்களோ என்ற அச்சம் இருக்கலாம்.

அப்படியானால் ஓதும் வாயைப் பார்க்காமல் எப்படித் திருத்துவது என்பீர்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. நாம் பிள்ளையின் வீட்டைப் பார்க்க வேண்டியதில்லை. பிள்ளைதான் உஸ்தாதின் வாயைப் பார்க்க வேண்டும். ஆகவே உஸ்தாதின் காமிரா எப்போதும் திறந்திருக்கட்டும், முகத்தில் வெளிச்சம் விழட்டும். பிள்ளையின் வாயைப் பார்ப்பது அவசியமானால், சுவரில் முதுகு சாய்த்து அமர்ந்து, தன் முறை வரும்போது மட்டும் ஒரு நிமிடம் காட்டினால் போதும்.

இன்னொன்று. பிள்ளைகள் ஓதுவதைப் படம் பிடித்து, பெற்றோரைக் கேளாமல் ஸ்டேட்டஸில் போடுவது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. ஒருவர் வீட்டிற்குள் கண்டதை ஊருக்குக் காட்டுவது அமானித மோசடி அல்லவா?

2. பெயர் சொல்லி ஸலாம்

ஜாபிர் (ரலி) அவர்கள் ஒருமுறை நபி (ஸல்) அவர்களின் கதவைத் தட்டினார்கள். யாரென்று கேட்கப்பட்டபோது, நான்தான் என்று பதிலளித்தார்கள். அந்தப் பதிலைப் பெருமானார் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. பெயரைச் சொன்னால்தானே வந்தவர் யாரென்று தெரியும்!

திரை வகுப்பில் பிள்ளைகள் தம் பெயரோடு வருவதில்லை. செல்போன் கம்பெனியின் பெயரோடும், தாயின் பெயரோடும், அண்ணனின் பட்டப் பெயரோடும் வருகிறார்கள். முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பெற்றோரையும் அழைத்து, பிள்ளையின் பெயர் தெரியும்படி மாற்றச் செய்யுங்கள். வகுப்பு தொடங்கியதும் பொதுவாக ஒரு ஸலாம் சொல்லிப் பாடத்திற்குப் பாயாதீர்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து ஸலாம் சொல்லுங்கள். அவன் பதில் சொல்லும்வரை காத்திருங்கள். பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று நிமிடம் ஆகும். அது பாடத்தில் கழிந்த நேரம் அல்ல, பாடத்தின் அடித்தளம்.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களுக்கு அத்தஹிய்யாத்தைக் கற்பித்தபோது நபி (ஸல்) அவர்கள் அவர்களுடைய கையைத் தம் இரு கைகளுக்கிடையே வைத்துக் கொண்டிருந்தார்கள். முஆத் (ரலி) அவர்களின் கையைப் பிடித்து, உம்மை நான் நேசிக்கிறேன் என்று முதலில் சொல்லிவிட்டே, தொழுகைக்குப் பின் ஓதும் துஆவைக் கற்றுக் கொடுத்தார்கள். திரையில் கையைப் பிடிக்க முடியாது. ஆனால் பெயரைப் பிடிக்கலாம். “நேற்றுக் காய்ச்சல் என்றாயே, இன்று எப்படி இருக்கிறது?” என்று கேட்கலாம். செல்போன் வகுப்பில் அதுவே கைப்பிடி.

3. நேரம் அறிந்து நுழைதல்

அதே அத்தியாயத்தின் 58ஆம் வசனம் மூன்று நேரங்களைக் குறிப்பிடுகிறது: ஃபஜ்ருக்கு முன், நண்பகலில் உடையைத் தளர்த்தி ஓய்வெடுக்கும் பொழுது, இஷாவுக்குப் பின். வீட்டிலேயே வளரும் சிறு பிள்ளைகளும் பணியாளர்களும்கூட இந்நேரங்களில் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்பது இறைக்கட்டளை. அப்படியிருக்க, இரவு பத்து மணிக்கு வகுப்பு வைத்து ஒரு குடும்பத்தின் படுக்கை அறைக்குள் காமிராவோடு போகலாமா?

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்போர் இதை இன்னும் கவனிக்க வேண்டும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. சவூதி இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூரோ இரண்டரை மணி நேரம் முன்னால். நமக்கு இரவு எட்டு மணி என்றால் சிங்கப்பூர்ப் பிள்ளைக்குப் பத்தரை. கண் சொக்கும் பிள்ளையிடம் கவனம் இல்லையென்று குறைபட்டு என்ன பயன்?

நம் ஊர்ப் பக்கத்திற்கு வேறொரு கணக்கு உண்டு. பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டு போகக் கூடாது. ஆதலால் அந்த வேலைக்குப் போகும் சிலர் அதை வீட்டிலேயே விட்டுச் செல்கிறார்கள். அவ்வீட்டுப் பிள்ளைக்குப் பகலில் போன் கிடைக்கும். லோடு வண்டி ஓட்டும் தகப்பனோ அதைக் கையோடு எடுத்துப் போவார். அந்தப் பிள்ளைக்கு மஃரிபுக்குப் பிறகே கிடைக்கும். அக்காள், தம்பி இருவருக்கும் ஒரே போன் என்றால் அதிலும் பங்கு உண்டு. கிராமப்புற இந்தியாவில் ஸ்மார்ட்போன் உள்ள மாணவர் வீடுகள் 2018இல் நூற்றுக்கு 36.5 ஆக இருந்து 2021இல் 67.6 ஆக உயர்ந்தன என்றும், அப்படிப் போன் இருக்கும் வீடுகளிலும் நூற்றுக்கு 26 பிள்ளைகளின் கைக்கு அது கிட்டவில்லை என்றும் ‘அசர்’ ஆய்வு 2021இல் கூறியது. வீட்டில் போன் இருப்பது வேறு, பிள்ளையின் கையில் இருப்பது வேறு. எனவே நேரத்தை நாமாக அறிவிக்காமல், வீடுவீடாகக் கேட்டு இரண்டு மூன்று வேளைகளாகப் பிரித்துக் கொள்வதே நல்லது.

வகுப்பின் நீளமும் அப்படியே. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழன்தோறும் உபதேசம் செய்வார்கள். தினமும் செய்யக் கூடாதா என்று ஒருவர் கேட்டபோது, உங்களுக்குச் சலிப்பு வருமென்றே தவிர்க்கிறேன்; நபி (ஸல்) அவர்களும் எங்கள் விஷயத்தில் அவ்வாறே நேரம் பார்த்து உபதேசித்தார்கள் என்னும் கருத்தில் விடையளித்தார்கள். சஹாபாக்களின் சலிப்பையே கருதிப் பார்த்தார்கள் என்றால் எட்டு வயதுப் பிள்ளையின் சலிப்பை நாம் கருத வேண்டாமா? இலவசமாக 40 நிமிடம் கிடைக்கிறதே என்று 40 நிமிடமும் இழுக்காதீர்கள். நான்கைந்து பிள்ளைகளை வைத்து 20 நிமிடம் நடத்தினால் ஒவ்வொருவரும் இருமுறை ஓதிவிடலாம்.

4. வாயிலிருந்து செவிக்கு

குர்ஆன் ஓதுதல் என்பது உஸ்தாதின் வாயிலிருந்து மாணவனின் செவிக்கும், மாணவனின் வாயிலிருந்து உஸ்தாதின் செவிக்கும் செல்லும் கல்வி. இமாம் இப்னுல் ஜஸரீ (ரஹ்) அவர்கள் ஏற்றுக் கொண்ட கணக்கின்படி எழுத்துகளின் மக்ரஜ்கள் 17. தொண்டையின் நடுவிலிருந்து வரும் ஹா ஒன்று, தொண்டையின் அடியிலிருந்து வரும் ஹா மற்றொன்று. தமிழ்ப் பிள்ளைகளின் நாவுக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே படும். ஸீனும் ஸாதும் அப்படியே. நேரில் கேட்கும்போதே தடுமாற்றம் என்றால், மெலிந்த இணைப்பில் வந்து சேரும் குரலில் சொல்லவும் வேண்டுமோ!

இங்கே செய்முறையாகச் சில விஷயங்கள்.

மக்தபில் எல்லாரும் சேர்ந்து உரக்க ஓதுவது வழக்கம். திரையில் அது நடக்காது. ஒவ்வொரு வீட்டுக் குரலும் வெவ்வேறு அளவு தாமதித்தே வந்து சேர்வதால் சேர்ந்து ஓதினால் இரைச்சலே மிஞ்சும். ஆகவே ஒருவர் ஓத, மற்றவர்களின் மைக்கை அடைத்துவிடுங்கள். அடைத்த மைக்கோடு அவர்களும் தம் வீட்டில் உரக்கத் திருப்பி ஓதட்டும். இல்லாவிட்டால் முறை வரும்வரை அவர்கள் மனம் ஊர் சுற்றப் போய்விடும். முறையும் வரிசைப்படி வர வேண்டாம். அடுத்து யார் என்று தெரியாதபோதுதான் எல்லாக் காதும் திறந்திருக்கும்.

ஜூம் முதலியவற்றில் பின்னணி ஓசையைக் குறைக்கும் ஏற்பாடு உண்டு. நீட்டி ஓதும் மத்தையும் குன்னாவையும் அது இரைச்சல் என்று கருதி மங்கச் செய்துவிடக் கூடும். ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்பதைத் தெரிவு செய்து கொண்டால் குரல் உள்ளபடி வரும்.

இணைப்பு மெலிந்த ஊர்களுக்கு வாட்ஸ்அப் குரல் பதிவே சிறந்தது. உஸ்தாது மூன்று வசனங்களை ஓதி அனுப்புகிறார். பிள்ளை அதைப் பத்து முறை கேட்கிறான். பிறகு தான் ஓதிப் பதிவு செய்கிறான். கேட்டுப் பார்த்துப் பிழை தெரிந்தால் அழித்துவிட்டு மறுபடி ஓதுகிறான். தன் பிழையைத் தானே திருத்தும் பழக்கம் மக்தபில்கூட எளிதில் வருவதில்லை. கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு இது பெரிய அருள். ஆனால் பதில் அனுப்புவதில் உஸ்தாது சோம்பக் கூடாது. அன்றே பதில் சொல்ல வேண்டும். பெயர் சொல்லித் தொடங்க வேண்டும். நன்றாக ஓதிய ஓர் இடத்தை முதலில் சொல்லிவிட்டு, ஒரே ஒரு பிழையை மட்டும் திருத்த வேண்டும். ஐந்து பிழைகளை அடுக்கினால் பிள்ளை ஒன்றையும் திருத்த மாட்டான்.

முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்கள், பேசக் கூடாதென்று அறியாமல் தொழுகையில் பேசிவிட்டார்கள். தொழுகை முடிந்ததும் நபி (ஸல்) அவர்கள் அதட்டவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை. தொழுகையில் பேச்சு கூடாதென்று பக்குவமாக எடுத்துரைத்தார்கள். இத்தகைய ஆசிரியரை நான் கண்டதேயில்லை என்று அந்தத் தோழர் சொன்ன செய்தி முஸ்லிமில் இருக்கிறது. அதட்டியே பழகிய நமக்கு இது படிப்பினை. மக்தபில் அதட்டினால் ஐந்து நிமிடத்தில் தட்டிக் கொடுத்துத் தேற்றலாம். திரையில் அதட்டினால் அவன் விரலால் ஒரு பொத்தானை அழுத்திப் போய்விடுவான். தேற்ற நமக்குக் கை எட்டாது.

5. வராதவரைத் தேடுதல்

பள்ளிவாசலைப் பெருக்கி வந்த எளியவர் ஒருவரைக் காணாதபோது நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்டதும், எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கப்று இருக்கும் இடம் சென்று தொழுதார்கள். எவருடைய கண்ணிலும் படாதவர் பெருமானாரின் கண்ணில் பட்டார்!

மாலிக் இப்னுல் ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் தோழர்களான இளைஞர்களும் கற்பதற்காக வந்து 20 இரவுகள் தங்கினார்கள். அவர்களுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டதை நபி (ஸல்) அவர்கள் தாமே உணர்ந்து, வீட்டில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்து, ஊர் திரும்பித் தம் மக்களுக்குக் கற்பிக்குமாறு அனுப்பி வைத்தார்கள். பாடத்தோடு பிள்ளையின் வீட்டையும் விசாரிப்பது நபிவழி.

திரையில் கட்டங்கள் இடத்தை மூடிக் கொள்வதால் உஸ்தாது காகிதத்தில் வருகைப் பதிவு வைத்திருக்க வேண்டும். ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் விசாரிப்பு. இரண்டு நாள் வராவிட்டால் பெற்றோருக்குத் தொலைபேசி. மூன்று நாள் என்றால், உள்ளூர்ப் பிள்ளையாக இருந்தால், நேரில் போக வேண்டும். பன்னிரண்டு நாள் தாமதித்தவன் இதைச் சொல்கிறேன்.

பெண்மக்களின் கல்வி

ஆண்கள் தங்களை முந்திக் கொள்வதாகவும், தங்களுக்கென ஒரு நாளை ஒதுக்கித் தருமாறும் பெண்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்களும் ஒதுக்கித் தந்தார்கள். வீட்டில் இருந்தபடியே பெண்கள் மார்க்கம் கற்பது நமக்குப் புதிதல்ல. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் போன்ற பெரியோர்கள் அரபுத் தமிழில் எழுதிய கிதாபுகளை நம் பாட்டிமார்கள் வீட்டிலேயே ஓதி மார்க்கச் சட்டங்களை அறிந்தார்கள். இன்று அந்த இடத்தில் செல்போன் வந்திருக்கிறது. ஆலிமாக்களைக் கொண்டு பெண்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனி வகுப்பு நடத்துவதே மேலானது. ஆண் உஸ்தாது ஓதிக் கொடுப்பதானால் தாயோ தகப்பனோ உடனிருக்க வேண்டும். செய்திகள் பெற்றோரின் எண்ணுக்கே போக வேண்டும். ஆணோ பெண்ணோ, எந்தப் பிள்ளையோடும் பெற்றோருக்குத் தெரியாத தனிப்பேச்சு வேண்டவே வேண்டாம். பிள்ளைக்கும் பாதுகாப்பு, உஸ்தாதின் பெயருக்கும் பாதுகாப்பு.

பெற்றோர்களே, உங்கள் பங்கு

உஸ்தாது அனுமதி கேட்டு வருகிறார் என்றால் வீட்டாரும் வாசலைச் சரி செய்து வைக்க வேண்டுமல்லவா? சுவரோரமாக ஓர் இடத்தை ஒதுக்கிப் பாய் விரித்துக் கொடுங்கள். போன் பிள்ளையை மட்டும் பார்க்கட்டும். பிள்ளை ஒளுச் செய்து, தொப்பி அணிந்து, நிமிர்ந்து உட்காரட்டும். கட்டிலில் புரண்டு கொண்டு ஓதும் பிள்ளைக்கு ஓதலின் கண்ணியம் எப்போது தெரியும்? மற்ற அறிவிப்புகள் திரையில் வந்து விழாதபடி அடைத்து வையுங்கள்.

பிள்ளை தடுமாறும்போது பின்னாலிருந்து மெல்லச் சொல்லிக் கொடுக்கும் தாய்மார்கள் உண்டு. பாசம்தான் காரணம். ஆனால் உஸ்தாது கேட்பது பிள்ளையின் ஓதலையா, உங்கள் ஓதலையா? தடுமாறட்டும், விடுங்கள். தடுமாறும் இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது. வகுப்பு முடிந்ததும் போனை வாங்கிக் கொண்டு, “இன்று எதை ஓதினாய்? எனக்கு ஓதிக் காட்டு” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி அரை மணி நேர வகுப்பை வீட்டில் நிலைநிறுத்தும்.

தயம்மும் போல

இவ்வளவும் சொன்னதால் திரை வகுப்பே போதும் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். அது தயம்மும் போன்றது. தண்ணீர் கிடைக்காதவனுக்குத் தயம்மும் அல்லாஹ்வின் கொடை. அதைக் கொண்டு தொழும் தொழுகையில் குறையில்லை. ஆனால் தண்ணீர் கிடைத்து, அதைப் பயன்படுத்தவும் முடிந்துவிட்டால் தயம்மும் முறிந்துவிடும். ஓதிக் கொடுக்க ஆளில்லாத ஊரில் வசிக்கும் பிள்ளைக்குத் திரை போதும். தெருமுனையில் மக்தபு இருக்க, நடக்கச் சோம்பிப் பிள்ளையைப் போன் முன்னால் உட்கார வைப்பது ஆற்றங்கரையில் நின்று கொண்டு மண்ணைத் தேடுவதாகும். உஸ்தாதின் அருகே அமர்வதிலும், பத்துப் பிள்ளைகளோடு தோளுரசி உட்கார்ந்து ஓதுவதிலும் உள்ள பரக்கத் திரையில் வராது.

அந்த மாணவனின் செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். தகப்பனாரைக் கண்ட மறுநாள் அவர்கள் வீட்டிற்குப் போனேன். வாசலுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று ஸலாம் சொன்னேன். இரண்டாம் ஸலாமுக்குப் பதில் வந்தது. வெளியில் நின்றபடியே அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். உள்ளிருந்து சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “பிள்ளைக்கு ஓதிக் குடுங்க ஹஜ்ரத்” என்ற குரல் மட்டும் கேட்டது. அன்று முதல் அவனுக்குக் குரல் பதிவாகவே பாடம் அனுப்பினேன். காமிராவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. முதல் வாரம் அவன் ஒரு வரிக்கு மேல் ஓதி அனுப்பவில்லை. ஆனாலும் அனுப்பினான்.

மறு ரமளானுக்குள் அவன் யாஸீன் ஸூராவை மனனம் செய்திருந்தான். அதைக் கேட்டுவிட்டு அவன் தகப்பனாரிடம் பாராட்டிச் சொன்னேன். அவர் சிரித்துக் கொண்டே, “அவனுக்கு மட்டுமில்ல ஹஜ்ரத். குழாய் சுத்திக்கிட்டே உங்க பாடத்தைக் கேட்டுக் கேட்டு அவங்க அம்மாவுக்கும் பாதி யாஸீன் வந்திருச்சு” என்றார்.

எந்த வீட்டிற்குள் அனுமதியின்றிப் புகுந்தேனோ, அந்த வீடு முழுவதும் என் வகுப்பில் அமர்ந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

உஸ்தாதுமார்களே, நாளை திரையைத் திறக்கும்போது ஸலாம் சொல்லி, அனுமதி பெற்று, ஒதுங்கி நின்று உள்ளே செல்லுங்கள். பெற்றோர்களே, அவர் வரும் வாசலைக் கண்ணியமாக வைத்திருங்கள். நம் பிள்ளைகளின் உள்ளங்களைத் தன் வேதத்தோடு பிணைத்து, கற்போருக்கும் கற்பிப்போருக்கும் ஒழுக்கத்தை ஆடையாக்கி, வல்ல நாயன் நல்லருள் புரிவானாக! ஆமீன்.